சிரஸ்தார் கட்டிய பாலம்: தாமிரபரணிக் கரையில் நான்கு நாள்

பிப்ரவரி 14, வெள்ளி. திருநெல்வேலி ஜங்ஷன்

அப்பாவுக்கு அறுபத்தொன்பது வயது. ஈரோடு கலெக்டர் ஆபீஸில் ஜூனியர் அசிஸ்டெண்டாகச் சேர்ந்து, ஹுசூர் சிரஸ்தாராக, அதாவது ஆபீஸ் வேலைகளை மேற்பார்க்கிற அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு எங்கேயும் போக வேண்டும் என்று அவர் கேட்டதே இல்லை. போன மாதம் ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "எம் பதவில இருந்தவரு ஒருத்தரு, நூத்தியெம்பது வருசத்துக்கு முன்னால ஆத்துக்குக் குறுக்க சொந்தக் காசுல பாலம் கட்டியிருக்காரு கண்ணு. அதைய ஒருக்காப் பாக்கோணும்."

அவ்வளவுதான். கோயில், அருவி என்று எதுவும் சொல்லவில்லை. பாலம் மட்டும்.

ஜங்ஷனில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தோம். லிஃப்ட் ஓடவில்லை, மூன்றாவது மாடி. அப்பாவுக்கு இடது முழங்கால் மடங்காது. ஒவ்வொரு படியாக ஏறினார். கீழே நின்ற பையன் எங்கள் பைகளை மேலே வைத்துவிட்டுத் திரும்பி வந்து, கேட்காமலே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

சாயங்காலம் பாளையங்கோட்டை போகிற டவுன் பஸ்ஸில் ஏறினோம். எனக்கு மகளிர் இலவச டிக்கெட், அப்பாவுக்கு ஐந்து ரூபாய். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பாலம் வந்தால் சொல்லுங்கள் என்று கண்டக்டரிடம் சொல்லி வைத்தார்.

"எந்தப் பாலம் சார்?"

"சுலோச்சன முதலியார் பாலம்."

"அதை இப்பத் தாண்டிட்டோம்லா. அந்தா, பின்னால."

திரும்பிப் பார்த்தோம். லைட்டுக் கம்பங்கள், கைப்பிடிச் சுவர், நெருக்கியடித்து வரும் பைக்குகள், பக்கத்திலேயே புதுப்பாலம். இதற்காகவா முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் வந்தோம் என்று எனக்கு நெஞ்சு கனத்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. கொக்கிரகுளத்தில் இறங்கித் திரும்பி நடக்கலாமா என்றேன். இருட்டிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

ராத்திரி டவுனுக்குப் போய் அல்வா வாங்கினோம். கோயில் பக்கத்துத் தெருவில் வரிசை நீண்டுகொண்டே போனது. எங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருக்கும்போது தட்டு காலியாகிவிட்டது. வரிசையில் யாரும் சத்தம் போடவில்லை. இரண்டு கடை தள்ளி இன்னொரு இடத்தைக் காட்டினார் முன்னால் நின்றவர். "இங்கயும் நல்லாத்தான் இருக்கும், சூடாச் சாப்பிடுங்க." நூறு கிராம் அல்வா வாழையிலைத் துண்டில், நெய் வழிய, தொட்டால் விரல் சுடுகிற சூட்டில். சாப்பிட்டு முடித்ததும் கடைக்காரர் ஒரு பிடி காரம் வைத்தார். அப்பா முதல் தடவையாகச் சிரித்தார்.

பிப்ரவரி 15, சனி. பாலத்துக்குக் கீழே

விடிவதற்கு முன்பே அப்பா குளித்து, வேட்டி கட்டி, உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். இவ்வளவு பக்கத்துக்கா என்றேன். நூறுக்கு வந்தார். எங்கே இறக்கிவிட வேண்டும் என்று கேட்டவருக்குப் "பாலத்துக்குக் கீழே" என்றதும் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அப்பா விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு அவர் எங்களைக் கொக்கிரகுளம் கரையில், மண்பாதை ஆற்றுக்கு இறங்குகிற இடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். "மேல நின்னா ஒண்ணும் தெரியாது சார். நான் நெதம் பத்துத் தடவ தாண்டுதேன், கீழ எறங்கிப் பாத்து வருசமாச்சு."

இறங்கினோம். மாசி மாதத்து விடியற்காலை. தண்ணீர் மேல் மெல்லிய புகை. வெயில் வரவில்லை. நான் தலை நிமிர்ந்தேன்.

மேலே பார்த்தால் தார்ச்சாலை. கீழே நின்று பார்த்தால் வளைவு, அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு என்று அக்கரை வரைக்கும் போகிறது. மொத்தம் 11. ஒவ்வொன்றும் 60 அடி அகலம். இரண்டு வளைவுக்கு நடுவில் தாங்கி நிற்பது ஒற்றைத் தூண் இல்லை, இரட்டைத் தூண். கூட்டத்தில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஜோடி ஜோடியாக. ஊரே இதன் மேல் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. மேலே ஒரு பஸ் போனால் கீழே 'தம்' என்று ஒரு சத்தம் மட்டும், மூடிய பெட்டிக்குள் கை தட்டினது போல.

இந்தப் பாலம் லண்டனில் இருந்த வாட்டர்லூ பாலத்தைப் பார்த்துக் கட்டியது. ஜான் ரென்னி வடிவமைத்து, 1817-இல் தேம்ஸ் நதி மேல் திறந்த பாலம் அது. அதிலும் வளைவுகளுக்கு நடுவே இரட்டைத் தூண்கள்தான். அந்த மூலப் பாலம் இன்றைக்கு இல்லை. அடித்தளம் அரித்துப்போய், 1930-களில் இடித்துவிட்டு வேறு பாலம் கட்டிவிட்டார்கள். அதைப் பார்த்துத் தாமிரபரணியில் கட்டியது நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. லண்டன் பாலத்தில் நடந்து போகிறவர்களிடம் 1878 வரைக்கும் காசு வாங்கினார்கள். இங்கே ஒரு மனிதர் முழுப் பணத்தையும் போட்டுக் கட்டி ஊருக்குக் கொடுத்துவிட்டார். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "காசு வாங்கலீங்கறதுதான் விசேசம்" என்றார்.

அப்பா இருந்து பழகியது கோப்புகளோடு. இந்தக் கதையையும் அவர் ஒரு கோப்பைப் புரட்டுகிற மாதிரித்தான் சொன்னார். 1840-க்கு முன்னால் பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி போக ஓடம்தான். வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. துறையில் யார் முதலில் ஏறுவது என்று தள்ளுமுள்ளு, அடிதடி. கலெக்டர் தாம்சன் பாலம் கட்டியே தீருவது என்று கூட்டம் போட்டார். பேபர், ஹார்ஸ்லி என்ற ராணுவப் பொறியாளர்கள் திட்டம் போட்டார்கள். மதிப்பீடு ஏறத்தாழ 50,000 ரூபாய். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பணம் இல்லை. ஊரில் வசூல் செய்வது என்று முடிவாகி, அந்த வேலை கலெக்டர் ஆபீஸ் சிரஸ்தார் சுலோச்சன முதலியார் தலையில் விழுந்தது.

"வசூல் நோட்டு சிரஸ்தார் கைக்குத்தான் வரும். எனக்கும் வந்திருக்குது, கொடிநாள் வசூலு" என்றார் அப்பா. "ஒவ்வொரு வாசலா ஏறி எறங்கறது எத்தனை சங்கடம்னு எனக்குத் தெரியும். அந்த மனுசன் நோட்டை எடுத்துட்டு வெளிய கிளம்பவே இல்லீல்ல. வூட்டுக்குப் போயி, நாமளே குடுத்தரலாம்னு முடிவு பண்ணிருக்காரு." மனைவி வடிவாம்பாள் தன் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். 1843-இல் பாலம் திறந்தது. 760 அடி நீளம், இருபத்தொன்றரை அடி அகலம்.

இதைச் சொல்லிக்கொண்டே அப்பா இன்னும் கிட்டே போகலாம் என்று ஒரு கல்லில் கால் வைத்தார். பாசி. வழுக்கியது. நான் முழங்கையைப் பிடித்துவிட்டேன், அவர் விழவில்லை. மூக்குக்கண்ணாடி விழுந்துவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீர்தான், ஆனால் அடி தெரியாத கலங்கல். கண்ணாடி இல்லாமல் அப்பாவால் பத்தடி தூரம் பார்க்க முடியாது. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கை நடுங்கியது.

சற்றுத் தள்ளிக் குளித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தார். எழுபத்தைந்து வயதாவது இருக்கும்.

"அசையாதீய. நின்ன எடத்துலயே நில்லுங்க. கலங்கிட்டுன்னா கெடைக்காது."

குனியவே இல்லை. இரண்டு உள்ளங்கால்களையும் மணலில் தேய்த்துத் தேய்த்து, சாண் சாணாக நகர்ந்தார். எங்களைப் பார்க்காமல் எங்கோ அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கும். நின்றார். கால் விரல்களால் இடுக்கி எடுத்துக் கையில் வாங்கி, ஆற்றுத் தண்ணீரிலேயே அலசி, தன் துண்டின் உலர்ந்த முனையில் துடைத்து அப்பாவிடம் நீட்டினார். நான் பர்ஸைத் திறந்தேன். அவர் முகம் மாறிவிட்டது. "என்ன தாயி இது" என்றார். மூடிவிட்டேன்.

அவர்தான் எங்களுக்குப் பாலத்தைக் காட்டினார். சிறு வயதிலிருந்து இந்தத் துறையில் குளிக்கிறாராம். "வெளியருந்து பாத்தா எது பழசு, எது புதுசுன்னு தெரியாது. வளைவுக்கு அடியில வாங்க." நீர் வற்றிக் கிடந்த ஒரு வளைவுக்குள் கூட்டிப்போனார். அண்ணாந்து பார்த்தால் மேலே ஒரு கோடு. முதலியார் கட்டிய வளைவும், பிற்காலத்தில் சாலையை அகலமாக்கச் சேர்த்த பகுதியும் ஒட்டுகிற கோடு. ஒரு பக்கம் சுண்ணாம்பு கறுத்து, பொறுக்குத் தட்டி, சந்துகளில் விரல் நீள அரசங்கன்று முளைத்திருக்கிறது. மறுபக்கம் வெறும் வழவழப்பு. அப்பா தன் உள்ளங்கையைப் பழைய பக்கத்துச் சுவரில் வைத்தார். மேலே பஸ் போகும்போதெல்லாம் "அதிருது, அதிருது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் வைத்துப் பார்த்தேன். அதிர்வு தெரிந்தது, மிகச் சன்னமாக, மாட்டின் வயிற்றில் கை வைத்தாற்போல.

தூண் உயரத்தில் எட்டாத இடத்தில் கிழிந்த சேலைத் துணியும் பிளாஸ்டிக்கும் சிக்கித் தொங்கின. 2023 டிசம்பர் வெள்ளம் விட்டுப்போனதாம். அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பெய்தது. இந்த மாவட்டமும் மிதந்தது. "தண்ணி செவப்பா வருது, மரம் மரமா வருது, தூண்ல மோதுத சத்தம் எங்க வீட்டுக்குக் கேக்கு. அன்னைக்கு இது போயிரும்னுதான் நெனச்சேன்" என்றார் பெரியவர். 1869 வெள்ளத்தில் இதே பாலம் சேதமாகி, 1871-இல்தான் சரி செய்தார்கள். இந்தத் தடவை அப்படி எதுவும் ஆகவில்லை.

ஆற்றைப் பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. கரையோரம் ஒரு வாய்க்கால் வந்து சேருகிறது. அதில் வருவது சாக்கடை. அமலைச்செடி திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கிறது. அதற்கு இருபதடி மேலே பெண்கள் துணி அலசுகிறார்கள், பெரியவர் தினமும் குளிக்கிறார். அரை லட்சத்தை ஒருவர் தூக்கிக் கொடுத்த ஆற்றில் இன்றைக்கு நாம் எதைக் கொண்டுவந்து விடுகிறோம் என்று பார்க்கும்போது கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

மதியம் ஒரு மெஸ்ஸில் சொதிச் சாப்பாடு, 150 ரூபாய். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ் எல்லாம் போட்டு, இறக்கின பின் எலுமிச்சம்பழம் பிழிந்த குழம்பு. ஈரோட்டில் இதை யாரும் செய்வதில்லை. பரிமாறியவர் அப்பாவின் இலைக்கு எதிரே நின்று, "இஞ்சித் தொவையல வச்சுச் சாப்பிடுங்க, இல்லைன்னா தேங்காப்பால் செரிக்காது" என்று, சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

சாயங்காலம் குறுக்குத்துறை. ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். முன்பக்கம் படகு மூக்குப் போல ஆற்றை இரண்டாக வகிர்ந்து விடுகிறது. கட்டினவர்களுக்கு ஆற்றோடு சண்டை போடத் தோன்றவில்லை. கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். கொசு அதிகம்.

பிப்ரவரி 16, ஞாயிறு. பாபநாசம்

பாலத்துக்குக் கீழே ஓடுகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, அங்கே எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்குத்தான் ஆசை. அப்பா தலையாட்டினார். அம்பாசமுத்திரம் வழியாக பஸ். இரண்டு பக்கமும் வயலும் வாழையும். மலை நீலமாக நெருங்கிக்கொண்டே வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நின்றுகொண்டிருந்த அப்பாவுக்குக் கல்லூரிப் பையன் ஒருவன் இடம் விட்டான். மடியில் ஒரு அம்மாள் தன் பூக்கூடையையும் வைத்துவிட்டார். ஒரு மணி நேரம் அப்பா அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்.

பாபநாசநாதர் கோயில் எதிரே படித்துறை. தண்ணீர் பளிங்கு. அப்பாவின் கால்விரல் நகம் வரை தெரிந்தது. மீன்கள் கையளவு, முழங்கை அளவு. படிக்கு வந்து காலைக் கடிக்கின்றன. யாரும் பிடிப்பதில்லை. பொரி பாக்கெட் பத்து ரூபாய்க்கு விற்றார்கள். தண்ணீர் குளிர்ச்சியில் அப்பாவின் முழங்கால் வலி போய்விட்டது என்று சொன்னார். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

இங்கேயும் கண் உறுத்தியது. பரிகாரம் செய்கிறவர்கள் உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். கல்லிடுக்கெல்லாம் வேட்டி, சேலை, பேன்ட். ஒரு பெண் பணியாளர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கனத்துப்போன துணியை இழுத்து இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் போட்ட குவியல் என் உயரம் இருந்தது. அவர் திரும்பியதும் ஒரு குடும்பம் அதே இடத்தில் ஒரு சேலையை விட்டது. நான் போய், விடாதீர்கள் என்று சொன்னேன். ஐயர் சொன்னார் என்றார்கள். அகத்தியர் வந்து சொன்னாலும் இது பாவம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்பா என்னைத் திட்டவில்லை.

அருவிக்குப் போகவில்லை. திரும்பும்போது அம்பாசமுத்திரத்தில் ஒரு கடையில் இட்லியும், எள் வறுத்து இடித்த பொடியும். நான்கு இட்லி நாற்பது ரூபாய். பொடிக்கு நல்லெண்ணெய் கேட்டால் கிண்ணத்தோடு வைத்துவிட்டார்கள்.

பிப்ரவரி 17, திங்கள். கொக்கிரகுளம்

சாயங்காலம்தான் ரயில். காலையில் பாலத்தை நடந்தே கடக்க வேண்டும் என்றார் அப்பா. பாலத்து முனையில் கல்வெட்டு இருக்கிறது. பஸ்ஸில் போனால் கண்ணில் படாது. அப்பா மேல்துண்டால் தூசியைத் தட்டிவிட்டு, மூக்கு கல்லில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து படித்தார். ஒரு தடவை மனசுக்குள், ஒரு தடவை சத்தமாக. அவருக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு வண்டிகள் போயின. அவர் அவசரப்படவில்லை.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஜங்ஷன் பக்கமிருந்து சனம் மஞ்சள் பையும் பிளாஸ்டிக் கவருமாகப் பாலத்தின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தது. நாங்களும் அந்தக் கூட்டத்தோடு போனோம். ஆபீஸ் வாசலில் ஒரு பாட்டி, மனு எழுதுகிறவரிடம் கொடுக்கக் காசு போதாமல், எண்ணி எண்ணி நின்றுகொண்டிருந்தார். ஐம்பது ரூபாய் கேட்கிறார்களாம். விதவை உதவித்தொகை மூன்று மாதமாக வரவில்லை.

அப்பா என்னிடம் பேனா கேட்டார். பக்கத்துக் கடையில் வெள்ளைத்தாள் வாங்கினேன். வேப்பமரத்தடியில், ஒரு ஸ்கூட்டர் சீட்டைப் பலகையாக வைத்துக்கொண்டு, அனுப்புநர், பெறுநர், பொருள் என்று முத்து முத்தான எழுத்தில் எழுதினார். பாட்டியின் பாஸ்புக்கை வாங்கி, கடைசியாகப் பணம் வந்த தேதியைப் பார்த்து அதையும் சேர்த்தார். "ஆத்தா, நகல் ஒண்ணு கையில வெச்சுக்கோங்க. மனு வாங்குனதுக்கு நம்பர் குடுப்பாங்க, வாங்காம வராதீங்க."

"ஒமக்கு எவ்வளவு ஐயா?"

"ஒண்ணும் வேண்டாம்."

பாட்டி பையைத் துழாவி இரண்டு நாட்டுப்பழம் எடுத்து, ஒன்று அவர் கையில், ஒன்று என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனார்.

திரும்பி வரும்போது அப்பா பேசவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. காலடி எண்ணுகிறார் என்று பாதிப் பாலம் வந்த பிறகுதான் புரிந்தது. நான் குறுக்கே எதுவும் கேட்கவில்லை. அக்கரையில் நின்று, பழத்தை உரித்துச் சாப்பிட்டு, தோலை என் பைக்குள் போட்டுவிட்டு, சட்டைப்பையிலிருந்து குட்டி டைரியை எடுத்தார். தேதி போட்டு, "சு. மு. பாலம், 418 அடி, என் நடைக்கு" என்று எழுதினார்.